கூடாத குழுவைக் கூட்டவைக்க: மஞ்சக்குப்பத்து மனு எழுத்தர் சொல்லும் வழி

கடலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் மஞ்சக்குப்பத்தில் 23 வருடமாக மனு எழுதித் தருகிறேன். முதலில் தட்டச்சுப் பொறி, அப்புறம் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தன்று காலை ஏழரைக்கெல்லாம் ஆட்கள் வந்து நிற்பார்கள். திட்டக்குடி, காட்டுமன்னார்கோவில் என்று தூரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை மனுக்களை எழுதித் தர இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். நான் சொல்லப்போவது அதிகம் பேர் எழுதாத ஒரு மனுவைப் பற்றி.

அரசு ஒரு வாரியத்தையோ ஆணையத்தையோ ஆலோசனைக் குழுவையோ அமைத்திருக்கும். பெயர்ப் பலகை இருக்கும், லெட்டர்பேடு இருக்கும், சிலவற்றுக்கு வருடா வருடம் பட்ஜெட்டில் தொகையும் இருக்கும். கூட்டம் மட்டும் நடக்காது. உங்கள் கோரிக்கை அங்கே போய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, அதைச் சட்டமன்றத்தின் கண்ணில் எப்படிப் படவைப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். மஞ்சள் பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை. மூன்றிலும் ஒரே வரி: "தங்களது கோரிக்கை அடுத்து நடைபெறும் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்டு உரிய முடிவு எடுக்கப்படும்." முதல் கடிதத்துக்கும் மூன்றாவது கடிதத்துக்கும் நடுவே 14 மாதம் ஓடியிருந்தது.

"தங்கச்சி, இன்னொரு மனு எழுது. இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமா எழுது" என்றார்.

நானும் கீ-போர்டில் கை வைத்துவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது. "அண்ணே, இந்தக் குழு கடைசியா எப்ப கூடுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார், அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த மாதிரி விஷயங்களில் நான் கோரிக்கையை எழுதுவதை விட்டுவிட்டுத் தேதியைக் கேட்க ஆரம்பித்தேன். அது எந்தக் குழு என்று இங்கே சொல்லவில்லை. அப்போது இருந்த அதிகாரிகள் இப்போது இல்லை, வந்திருப்பவர்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை.

ஒரு குழு எப்படித் தூங்கிப்போகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அதைச் சாகடிப்பதில்லை. குழுவில் இரண்டு வகை உறுப்பினர்கள் இருப்பார்கள். ஆட்சியர், துறை இயக்குநர், எஸ்.பி. மாதிரி பதவியினால் வருகிறவர்கள் அலுவல்சார் உறுப்பினர்கள். சங்கத்துக்காரர், தொண்டு நிறுவனத்தவர், பாதிக்கப்பட்ட பிரிவிலிருந்து வருகிறவர் என்று நியமிக்கப்படுகிறவர்கள் அலுவல்சாரா உறுப்பினர்கள். இந்த இரண்டாவது வகைக்குத்தான் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பதவிக்காலம் உண்டு. காலம் முடிந்ததும் புதுப் பெயர்ப் பட்டியல் கீழேயிருந்து மேலே போக வேண்டும். போகும் நேரத்தில் செக்‌ஷன் கிளார்க் மாற்றலாகிவிடுவார். அல்லது தேர்தல் நடத்தை விதி வந்துவிடும். அல்லது பட்டியலில் ஒருவருடைய சான்று இல்லை என்று கோப்பு திரும்பி வரும். அலுவல்சாரா உறுப்பினர் இல்லாமல் கூட்டினால் பல குழுக்களில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, வராது. கோரம் இல்லையென்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் முடிவு இல்லை. செயலாளர் பொறுப்பு இன்னொரு அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பாகப் போயிருக்கும். அவருக்குச் சொந்த வேலையே தலைக்கு மேல் இருக்கும். இப்படித்தான் ஒரு குழு சத்தமில்லாமல் நின்றுபோகிறது. அதனால், அங்கே இருக்கும் கிளார்க்கிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அவர் கையில் ஒன்றும் இல்லை.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? அந்த அமைப்பு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பதில் தொடங்குங்கள். பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் பிறந்திருக்கும். ஒன்று, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ போட்ட சட்டம். இரண்டு, துறை போட்ட வெறும் அரசாணை. மூன்று, கம்பெனிச் சட்டத்தில் பதிவான அரசு நிறுவனம். பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். "ஆணையம்" என்று பெயர் இருக்கும், பிறந்தது அரசாணையில் இருக்கும். "குழு" என்று சாதாரணப் பெயர் இருக்கும், அதற்குப் பின்னால் மத்தியச் சட்டமே நிற்கும். பிறந்த இடம் தெரிந்தால்தான் சட்டமன்றத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

சட்டத்தில் பிறந்ததாக இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏனென்றால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று பல சட்டங்களிலும் விதிகளிலும் எழுதியே இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மாநில ஆலோசனை வாரியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 மாநிலத்துக்கு ஒரு மன்றம், ஆட்சியர் தலைமையில் மாவட்டத்துக்கு ஒரு மன்றம் என்று வைத்து, வருடத்துக்கு இரண்டு கூட்டமாவது நடக்க வேண்டும் என்கிறது.

எல்லாவற்றையும் விடத் தெளிவாக எழுதியிருப்பது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. முதலமைச்சர் தலைமையில் மாநிலக் கண்காணிப்புக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும் என்று விதி 16 மாதத்தையே குறித்துச் சொல்கிறது. மாவட்டத்தில் நாங்கள் விழிகண் குழு என்று சொல்வது விதி 17இல் வருகிறது. ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வழக்கு எங்கே நிற்கிறது, நிவாரணத் தொகை வந்ததா என்று பார்க்க வேண்டிய குழு அது. ஒரு காலாண்டு தவறினால் ஒரு குடும்பம் இன்னும் மூன்று மாதம் காத்திருக்கிறது என்று அர்த்தம். இதில் எனக்குப் பொறுமை கிடையாது. இந்த மாதிரிக் குழு கூடவில்லையென்று தெரிந்தால் அதே வாரம் மனு போட்டுவிடுவேன்.

அரசாணையில் பிறந்த குழுவுக்கு இந்த வசதி இல்லை. அரசாணையில் கூட்டக் கணக்கு இருந்தால் சரி, இல்லாவிட்டால் துறையிடம் "ஏன் கூடவில்லை" என்று சட்டப்படி கேட்க முடியாது. ஆண்டறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருக்காது. மாநில மகளிர் ஆணையம் 1993இல் அமைக்கப்பட்டாலும், அதற்குச் சட்டத்தின் பலம் வந்தது 2008இல்தான். அந்த மாதிரிச் சட்டம் கேட்டு ஏன் பலர் போராடுகிறார்கள் என்று இப்போது புரியும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் வில்லை (நீதிமன்றக் கட்டண வில்லை) ஒட்டிய மனு. இதை எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள்: "ஏன்" என்று கேட்காதீர்கள். "ஏன் கூட்டவில்லை", "இது நியாயமா" என்றெல்லாம் எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள், தேதி கேளுங்கள், எண்ணிக்கை கேளுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"மேற்படி குழு எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அல்லது எந்த அரசாணையின்படி அமைக்கப்பட்டது, அதன் நகல். கடந்த மூன்று நிதியாண்டுகளில் நடந்த கூட்டங்களின் தேதிகள், ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு மற்றும் வருகைப் பதிவின் நகல். தற்போதுள்ள அலுவல்சாரா உறுப்பினர்களின் நியமன ஆணை நகல், அவர்களது பதவிக்காலம் முடியும் தேதி. குழுவின் முடிவுக்காக இன்றைய தேதியில் நிலுவையிலுள்ள விண்ணப்பங்களின் எண்ணிக்கை. மேற்படி மூன்று ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை, செலவான தொகை, ஆண்டு வாரியாக. மேற்படி குழுவின் ஆண்டறிக்கை அரசுக்கு அனுப்பப்பட்ட கடிதங்களின் நகல்."

இவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்டாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், சரியான இடத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, பிரிவு 6(3). அந்தச் சட்டத்திலேயே 4(1)(ஆ) பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஒவ்வொரு அலுவலகமும் தன் கீழுள்ள வாரியங்கள், மன்றங்கள், குழுக்களின் பட்டியலையும், அவற்றின் கூட்டம் மக்களுக்குத் திறந்ததா, நடவடிக்கைக் குறிப்பு மக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் கேட்காமலேயே வெளியிட வேண்டும். அதனால் நடவடிக்கைக் குறிப்பு ரகசியம் என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவை அப்படியே மனுவில் எடுத்துப் போடுங்கள்.

பெரியவர் விஷயத்தில் நகல் கேட்டதோடு நான் நிற்கவில்லை. ஆவணத்தை நேரில் பார்வையிடுகிறோம் என்றும் எழுதியிருந்தேன். அதற்கும் உரிமை இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு பேரும் போனோம். ஒரு மேசையில் பழைய துணி அட்டை போட்ட, நீளவாக்கில் பெரிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓரத்தில் சிவப்புத் துணி நைந்து நூல் தொங்கியது. பதினொன்றாவது கூட்டம் வரை அழகான நீல மை எழுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஏழு, எட்டுக் கையெழுத்துகள். பக்கத்தைத் திருப்பினால் "12ஆவது கூட்டம்" என்று தலைப்பு, அடிக்கோடு, "நாள்:" என்று எழுதி அதன் பக்கத்தில் பென்சிலால் வைத்த இரண்டு புள்ளிகள். தேதி நிரப்பவில்லை. அதற்குப் பிறகு நோட்டின் கடைசி வரை வெள்ளைத் தாள்.

எடுத்து வந்து வைத்த பெண் பிள்ளை சின்ன வயது. "அக்கா, நான் இந்த சீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. இந்த நோட்டை இன்னைக்குத்தான் திறக்குறேன்" என்றாள். பெரியவர் அந்த இரண்டு பென்சில் புள்ளிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கினோம். பிறகு எழுத்து மூலமாக வந்த பதிலில் "மேற்கண்ட காலத்தில் கூட்டம் ஏதும் நடத்தப்படவில்லை" என்று கையொப்பம், முத்திரையோடு ஒரு வரி இருந்தது. நிலுவை விண்ணப்பங்கள் 41 என்றும் இருந்தது. இந்த இரண்டு தாளும் கையில் இருந்தால் உங்கள் பேச்சு புகார் என்ற நிலையைத் தாண்டிவிடும். அரசே எழுதிக் கொடுத்த ஆதாரம் அது.

இனி சட்டமன்றம். இங்கே வருகிறவர்களில் நிறையப் பேருக்குச் சட்டமன்றம் என்றால் டி.வி.யில் வரும் வாக்குவாதமும் வெளிநடப்பும்தான். உண்மையான வேலை குழு அறைகளில் நடக்கிறது. பேரவைக்குள்ளேயே பல குழுக்கள் இருக்கின்றன, வருடா வருடம் மாற்றி அமைக்கிறார்கள். அவற்றில் நமக்கு வேண்டியது நான்கைந்து.

முதலில் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பேரவையில் வைக்கப்பட வேண்டிய அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, தாமதமானால் காரணம் என்ன என்று பார்ப்பதற்கென்றே ஏடுகள் குழு என்று ஒன்று இருக்கிறது. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1993இன்படி மாநில மனித உரிமை ஆணையத்தின் ஆண்டறிக்கை, அரசு எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். தகவல் ஆணையத்தின் அறிக்கையும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரின் அறிக்கையும் அப்படியே. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைக்கும் அரசியல் சாசனத்திலேயே அந்தக் கட்டாயம் உண்டு. ஒரு வாரியமோ ஆணையமோ உயிரோடு இருக்கிறதா என்று நாடி பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கூட்டமே நடக்காத இடத்திலிருந்து ஒழுங்கான ஆண்டறிக்கை எப்படி வரும்?

இதில் நான் கண்டுகொண்ட வழி என்னவென்றால், வாரியத்திடம் கேட்பதோடு சட்டமன்றப் பேரவைச் செயலகத்திடமும் தகவல் கேளுங்கள். அதுவும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பொது அதிகார அமைப்புதான், அங்கேயும் பொதுத் தகவல் அலுவலர் இருக்கிறார். "இன்ன அமைப்பின் ஆண்டறிக்கை கடந்த ஐந்து ஆண்டுகளுக்குப் பேரவை முன் வைக்கப்பட்ட தேதிகள்" என்று ஒரே கேள்வி. வாரியம் "அனுப்பிவிட்டோம்" என்று சொல்லும், துறை "பரிசீலனையில்" என்று சொல்லும். பேரவைச் செயலகத்திடம் தேதி இருக்கும், அல்லது இருக்காது. எங்கே நின்றது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, மனுக்கள் குழு. சாதாரண மக்கள் நேராகப் போகக்கூடிய கதவு இதுதான். இந்தக் குழு மாவட்டம் மாவட்டமாக வரும். வருவதற்கு முன்னால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பத்திரிகைச் செய்தி வரும், இன்ன தேதிக்குள் மனு அனுப்புங்கள் என்று. தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்ற முகவரிக்கு, தமிழில், கையொப்பம், தேதியோடு ஐந்து பிரதி. பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. கோர்ட்டில் நிற்கும் வழக்கு, வேலை வேண்டும், பட்டா வேண்டும், முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன், அரசு ஊழியர் மாற்றல் என்று தனி ஆள் குறைகளை எடுக்க மாட்டார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெரியவர் தானாக எழுதியிருந்தால் "எனது விண்ணப்பத்தை மூன்று முறை நிராகரிக்காமலும் ஏற்காமலும் வைத்துள்ளார்கள், எனக்கு நியாயம் வழங்க வேண்டும்" என்றுதான் எழுதியிருப்பார். தனிநபர் குறை என்று ஒதுங்கிவிடும். அதே விஷயத்தை நாங்கள் இப்படி எழுதினோம்: "விதிப்படி கூட வேண்டிய மேற்படி குழு கடந்த மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கூட்டப்படவில்லை. இதனால் 41 விண்ணப்பங்கள் முடிவின்றி நிலுவையில் உள்ளன. அலுவல்சாரா உறுப்பினர்களை உடனே நியமித்து, இத்தனை நாட்களுக்குள் கூட்டம் நடத்த அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்." இணைப்பாக, தகவல் உரிமைப் பதில், நோட்டின் 12ஆவது கூட்டப் பக்கம். மொத்தம் ஒன்றரைப் பக்கம். அவருடைய பெயர் கீழே கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரில் ஒன்று, அவ்வளவுதான். அவருக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. "என் விஷயம் இதுல எங்கம்மா இருக்கு?" என்றார். "41இல் ஒண்ணு நீங்கதான், அண்ணே" என்றேன்.

மாவட்டத்துக்கு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். சென்னை முகவரிக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. நம் மாவட்டத்தில் ஒன்பது தொகுதி. எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். ஆளுங்கட்சிக்காரர் அமைச்சரிடம் நேரில் சொல்லி முடிக்கலாம், எதிர்க்கட்சிக்காரர் அவையில் கேட்கலாம், இரண்டும் பிரயோஜனம்தான். ஆனால் கத்தை கத்தையாகக் காகிதம் கொடுக்காதீர்கள். அவர் உதவியாளர் அப்படியே அப்ளிகேஷன் கட்டில் வைத்துவிடுவார். கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள்: "(அ) மேற்படி குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது? (ஆ) கூடவில்லையெனில், காலியாக உள்ள உறுப்பினர் இடங்கள் எத்தனை, எப்போது நிரப்பப்படும்? (இ) நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் எத்தனை?" ஒரு தாள், பின்னால் ஆதாரம் ஒரு தாள். அவர் கையெழுத்துப் போட்டுப் பேரவைச் செயலகத்துக்கு அனுப்பினால் போதும்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) விவாதம் நடக்கும், எந்தத் துறைக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாளில் ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடும். தமிழிலும் கிடைக்கும், அரசு இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். உங்கள் வாரியத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மூன்று வருடப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே பத்தி வார்த்தை மாறாமல் மூன்று வருடமும் வந்திருந்தால் சந்தேகப்படலாம். நான் முதல் தடவை இப்படி ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு எழுத்துப் பிழைகூட மூன்று வருடமும் அப்படியே இருந்தது. அந்தப் பக்கங்களை எம்.எல்.ஏ. கையில் கொடுத்தால் அவருக்குப் பேச்சு தயார்.

நான்காவது, அமைச்சர் பதில் சொன்ன பிறகு. "விரைவில் உறுப்பினர்கள் நியமிக்கப்படுவார்கள்", "ஆவன செய்யப்படும்" என்று அவையில் சொல்லிவிட்டால் ஊரில் எல்லாரும் முடிந்தது என்று நினைப்பார்கள். அங்கேதான் அரசு உறுதிமொழிக் குழு வருகிறது. அவையில் அமைச்சர் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று தேடிப் பார்ப்பதே அதன் வேலை. எந்தத் தேதியில், எந்தக் கேள்விக்கு, என்ன வார்த்தையில் சொன்னார் என்று அவைக்குறிப்பைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்தும் நடக்கவில்லையென்றால் அந்தக் குழுவுக்கு எழுதுங்கள். பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சர் புது வாரியம் அறிவித்து, அரசாணை வராமல் கிடந்தாலும் அறிவித்த தேதியைக் குறித்துக்கொண்டு விரட்டுங்கள்.

கம்பெனியாகப் பதிவான அரசு நிறுவனம் என்றால் வழி வேறு. அதைப் பார்ப்பது பொது நிறுவனங்கள் குழு. செயல்படாத அரசு நிறுவனங்களைத் தணிக்கைத் துறை தன் அறிக்கைகளில் தனியாகவே பட்டியல் போடும், எத்தனை வருடக் கணக்கு பாக்கி என்றும் சொல்லும். அந்தப் பக்கத்தைக் காட்டி எழுதினால் போதும். துறைகளின் செலவு பற்றிய தணிக்கை அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும்.

பாகூர், கன்னியக்கோயில் பக்கத்திலிருந்தும் என்னிடம் வருகிறார்கள், அவர்களுக்குப் புதுச்சேரி டவுனைவிடக் கடலூர் கிட்ட. அவர்களுக்கு இரண்டு விஷயம் மாறும். புதுச்சேரிக்குத் தனித் தகவல் ஆணையம் கிடையாது, இரண்டாவது மேல்முறையீடு டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். பத்து ரூபாயை எந்த வகையில் ஏற்கிறார்கள் என்றும் அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி 30 தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள் கொண்ட சட்டமன்றம், பாரதி பூங்காவுக்கு எதிரிலேயே இருக்கிறது, உறுப்பினரை நேரில் பார்ப்பது சென்னையைவிடச் சுலபம். அமைப்பு இருந்தும் வேலை நடக்காததற்கு அங்கே எல்லாருக்கும் தெரிந்த உதாரணமும் உண்டு. 1968க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதோடு சரி.

எல்லா வாரியத்தையும் எழுப்பத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். அமைத்த காரணமே முடிந்துபோன குழுக்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டச் சொல்லி மனு போடுவது வீண் வேலை. மூடச் சொல்லி மனு போடலாம், அதுவும் சட்டமன்றம் கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1977இலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலான அரசு அமைப்புகள் சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை சட்டமன்றத்தின் ஆய்வுக்கு வரும். தொடரலாம் என்று சட்டமன்றம் புதிதாக முடிவெடுக்காவிட்டால் அந்த அமைப்பு தானாகக் கலைந்துவிடும். ஆய்வு செய்யும் குழுவில் 12 பேர், பத்துப் பேர் இரு அவை உறுப்பினர்கள், இரண்டு பேர் பொதுமக்கள். நமக்கு அப்படி ஒரு முறை இல்லாததால், கேட்கிற ஆள் வந்தால்தான் கேள்வி எழும். மூடச் சொல்லிக் கேட்டால் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: அந்த நிதியில் மிச்சம் எங்கே போகிறது, நிலுவை விண்ணப்பங்களை யார் முடிப்பார்கள், பதிவேடுகள் எந்த அலுவலகத்துக்குப் போகின்றன. இதைக் கேட்காமல் மூடினால், நலத்திட்டத்தில் பதிவு செய்த கூலிக்காரர் தன் அட்டையைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் அலைவார். நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் விஷயம் என்ன ஆயிற்று என்றால், மனு போன ஏழாவது மாதம் புது உறுப்பினர்களை நியமித்து ஆணை வந்தது. எம்.எல்.ஏ. கேட்ட கேள்வியாலா, மனுவாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, இரண்டையும் ஒரே மாதத்தில்தான் அனுப்பினோம். 12ஆவது கூட்டம் நடந்தது. அவருடைய விண்ணப்பம் ஏழாவது பொருளாக வந்து ஏற்கப்பட்டது. 41இல் 26 முடிந்தன, 15 அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டன. நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கிக் கொடுத்தபோது அவர் முதலில் பார்த்தது தேதியைத்தான்.

அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணி என் மேசை மேலிருந்த நாள்காட்டியில் குறித்து வைத்தேன். அன்றும் கூட்டம் நடக்கவில்லை. மறுநாள் காலை பத்து ரூபாய் வில்லை வாங்கிவரப் பையனை அனுப்பினேன்.